ஈச்சம்பள்ளம் போஷாக்கு விழா

திண்டுக்கல் மிஷன் ஆஸ்பத்திரியில், கஞ்சி போட்ட தொப்பி வைத்த நர்சம்மா பழனியம்மாளின் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு ஒரே வாக்கியத்தில் வைத்தியத்தை முடித்துவிட்டார். "உடம்புல ரத்தமே இல்ல, தினம் ஒரு முட்டையும் முருங்கைக் கீரையும் குடுங்க, பெறுற வரைக்கும் நிப்பாட்டக் கூடாது." அவ்வளவுதான். இந்த ஒரு வாக்கியத்தை நிறைவேற்ற சர்க்காருக்கு ஒரு ஜீப்பும், மூன்று கமிட்டியும், ஐம்பது வெள்ளைக் கோழியும், ஓர் ஒலிபெருக்கியும், சென்னையிலிருந்து ஒரு டைரக்டரும் தேவைப்பட்டார்கள். அப்படியும் நிறைவேறவில்லை.

பழனியம்மாளின் புருஷன் ஒச்சப்பனுக்கு நர்சம்மாவின் வாக்கியம் மனப்பாடம். ஆகாமல் என்ன செய்யும்? ஏற்கனவே இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. ஒன்று ஏழாம் மாதமே போயிற்று. இன்னொன்று பிறந்து ஒன்பது நாள் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுப் போயிற்று. இது மூன்றாவது, நாலு மாதம். செம்பட்டிக்குத் தெற்கே ஈச்சம்பள்ளத்தில் அவனுக்கு ஒன்றரை ஏக்கர் கத்தரித் தோட்டம், ஒரு கமலைக் கிணறு, தண்ணீர் இறைக்க ஒரு ஜோடி மாடு, வீட்டுக்குப் பின்னால் ஒரு முருங்கை மரம், ஏழு நாட்டுக் கோழிகள் இருந்தன. வைத்தியத்துக்கு வேண்டிய மருந்தெல்லாம் கொல்லையிலேயே நின்றும் மேய்ந்தும் கொண்டிருந்தது. காலையில் முட்டை, மத்தியானம் கீரை என்று பதினோரு நாள் ஒழுங்காக நடந்தது. பழனியம்மாளின் முகத்தில் லேசாக ஒரு தெளிச்சல்கூட வந்தது.

பன்னிரண்டாம் நாள் ஜீப்பு வந்தது.

ஜீப்பிலிருந்து இறங்கியவர் பிளாக் ஆபீசின் பெரிய அதிகாரி, பி.டி.ஓ. சச்சிதானந்தம். வெள்ளை புஷ்கோட்டு, கறுப்புக் கண்ணாடி, எதைப் பார்த்தாலும் அதற்கு ஒரு கமிட்டி போடலாமா என்று யோசிக்கிற முகம். ஊர்ப் பொதுவெளியான மந்தையில் எல்லோரையும் உட்கார வைத்துவிட்டு அவர் நின்றுகொண்டார்.

"அன்பார்ந்த கிராமப் பெருமக்களே! நீங்கள் அனைவரும் நோஞ்சான்கள். இதை நான் சொல்லவில்லை, புள்ளிவிவரம் சொல்கிறது. ஆனால் நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. கிராமப் போஷாக்கு மற்றும் தேகப்பயிற்சி மக்கள் பங்கேற்புத் திட்டத்தின்கீழ், சர்க்கார் உங்களோடு பங்காளியாகச் சேர வந்திருக்கிறது."

ஊர் சற்று நெளிந்தது. அந்தப் பக்கத்தில் பங்காளி என்றால் வரப்புக்காகத் திண்டுக்கல் கோர்ட்டு வரைக்கும் இழுக்கிறவன். அதிகாரி அதைக் கவனிக்கவில்லை. கவனித்துப் பழக்கமும் இல்லை.

"கோழிக் கொட்டகைக்கு இடம் உங்களுடையது. மூங்கில், கீற்று, உழைப்பு உங்களுடையது. கோழித் தீனி உங்களுடையது. மீதி முழுவதும் சர்க்காரின் பொறுப்பு."

"மீதி என்னங்கய்யா இருக்கு?" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. ஒச்சப்பனின் எதிர்வீட்டு அல்போன்சா. செம்பட்டிச் சந்தையில் காய்கறி விற்கிறவள், எந்தச் சாமானையும் திருப்பிப் பார்க்காமல் வாங்க மாட்டாள்.

"மேற்பார்வை" என்றார் பி.டி.ஓ. அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவர் நெஞ்சு ஒரு அங்குலம் முன்னால் வந்தது. பிறகு கூட்டத்தைப் பார்த்து, "இந்த ஊரில் கர்ப்பிணி யார் யார்?" என்று கேட்டார்.

ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். மந்தையில் வைத்துச் சொல்லக்கூடிய சமாசாரமா இது? ஆனால் ஒச்சப்பனின் மனசெல்லாம் நர்சம்மாவின் வாக்கியம்தான் ஓடிக்கொண்டிருந்தது. முட்டை என்ற சொல் காதில் விழுந்ததும் அவன் கை தானாக மேலே போய்விட்டது.

"நான்தாங்கய்யா."

மந்தை சிரித்த சிரிப்பில் ஆலமரத்துக் காக்கை எல்லாம் பறந்து போயிற்று. பி.டி.ஓ. மட்டும் சிரிக்கவில்லை. அவர் காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தார். ஒச்சப்பன், பயனாளியின் கணவர், திட்டக் கமிட்டித் தலைவர். தலைவர் வீட்டுக் கொல்லையிலேயே கொட்டகை என்றும் எழுதினார். ஒச்சப்பன் கையை இறக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து முதல் உத்தரவு வந்தது. கொண்டு வந்தவன் பிளாக் ஆபீசின் ஊர்ப் பணியாளான கிராம சேவக் கஸ்பார். நல்ல பிள்ளை. உத்தரவைப் படிக்கும்போது எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க மாட்டான். வரப்போகும் வெள்ளைக் கோழிகள் உயர்ந்த சாதி என்றும், நாட்டுக் கோழிகளோடு கலந்தால் இனம் கெட்டுவிடும் என்றும், ஆகவே ஈச்சம்பள்ளத்தில் உள்ள நாட்டுக் கோழி, சேவல் யாவும் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊரைவிட்டு வெளியேற வேண்டும் என்றும் அதில் இருந்தது.

"ஒன்னே ஒன்னு மட்டும் வச்சுக்கிறேனப்பா. வீட்டுக்குள்ளயே கூடையப் போட்டுக் கவுத்து வச்சுக்கிறேன்" என்றான் ஒச்சப்பன்.

"நீங்க தலைவருண்ணே" என்றான் கஸ்பார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

ஏழு கோழியும் செம்பட்டிச் சந்தைக்குப் போயின. ஊரில் மற்றவர்கள் கொஞ்சம் விவரமானவர்கள். விற்கவில்லை, குழம்பு வைத்துவிட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஈச்சம்பள்ளத்தில் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். திட்டத்தால் ஊருக்குக் கிடைத்த போஷாக்கு அந்த ஒரு வேளைதான்.

அடுத்த உத்தரவு முருங்கை மரத்துக்கு. வெள்ளைக் கோழிக்கு வெயில் முக்கியமாம், கடல் தாண்டி வந்த நிபுணர் ஒருவர் சொல்லியிருக்கிறாராம், கொட்டகை மேல் நிழல் விழக் கூடாதாம். மரத்தைக் கமிட்டித் தலைவரே வெட்ட வேண்டும் என்றும், அதுதான் மக்கள் பங்கேற்பு என்றும் பி.டி.ஓ. சொல்லி அனுப்பியிருந்தார். ஒச்சப்பன் கோடரியை எடுத்தான். முருங்கை லேசான மரம், பத்து வெட்டில் சாய்ந்துவிட்டது.

பழனியம்மாள் புறவாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, எனக்கு முட்டையும் கீரையும் வேணும்னுதான மந்தையில கையத் தூக்குனீக?"

"ஆமா புள்ள."

"இப்பக் கோழியும் இல்ல, மரமும் இல்ல."

"வரும் புள்ள. சர்க்காரு கோழி தெனம் தவறாமப் போடும்ங்கிறாக. அம்புட்டும் நமக்குத்தான்" என்றான். அவன் நம்பித்தான் சொன்னான். பாவம், அதுவரைக்கும் அவன் சர்க்காரைத் தூரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறான்.

வெள்ளைக் கோழிகள் மேளதாளத்தோடு லாரியில் வந்து இறங்கின. அவற்றைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அந்தத் திட்டத்திலேயே தன் வேலையைச் செய்தவை அவைதான். மறு வாரமே ஒரு நாளைக்கு முப்பது முட்டைக்குக் குறையாமல் இட்டன. முதல் நாள் காலையில் ஒச்சப்பன் கொட்டகைக்குள் குனிந்து ஒரு முட்டையைக் கையில் எடுத்தான். வெதுவெதுப்பாக இருந்தது.

"அண்ணே, தொட்டுறாதீக!" என்று ஓடி வந்தான் கஸ்பார். அவன் கையில் பெரிய திண்டுக்கல் பூட்டு ஒன்று இருந்தது. "இட்ட எடத்துல முட்டை திங்கக் கூடாதாம். தரப் பரிசோதனைக்கு பிளாக் ஆபீசு போகணும். தேறுன முட்டை வெள்ளிக்கிழமை மாதர் சங்கத்துல பயனாளிகளுக்கு வருமாம். சாவி ஆபீசுல இருக்கும். காலையும் சாயங்காலமும் நானே வந்து தொறப்பேன்."

தன் கொல்லையில், தன் மூங்கிலில், தன் கையால் கட்டிய கொட்டகைக்கு வெளியே ஒச்சப்பன் நின்றான். தினமும் முட்டைக் கூடையைச் சுமந்து பஸ் ஏறி பிளாக் ஆபீசில் சேர்க்கும் பொறுப்பு மட்டும் தலைவருக்கு இருந்தது.

தரப் பரிசோதனையை அவன் நாலாம் நாள்தான் நேரில் பார்த்தான். பி.டி.ஓ.வின் மேசையில் ஒரு தட்டு. தட்டில் வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்ட ஆம்லெட். பி.டி.ஓ. ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு, கண்ணை மூடி, மென்று, விழுங்கி, "தேறிவிட்டது" என்றார். பக்கத்து அறையில் ஓவர்சியர் இரண்டு முட்டையைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். ஹெட்கிளார்க்கு வேகவைத்துப் பரிசோதித்தார். பியூன் சின்னக்கண்ணு பச்சையாகவே பரிசோதித்தான்.

தேறிய முட்டை எப்படி ஊருக்குத் திரும்பி வரும்? அது தேறிய இடத்திலேயே தங்கிவிடும். நாறிப்போய்த் தேறாத முட்டைகள் மட்டும், 'பயனாளிகளுக்கு உகந்ததல்ல' என்ற சீட்டோடு நேர்மையாகத் திரும்பி வந்தன. அவற்றை ஆழக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும் என்று உத்தரவு. ஒச்சப்பன் புதைத்தான்.

வெள்ளிக்கிழமைகளில் முட்டைக்குப் பதில் படம் வந்தது. மாதர் சங்கத்துச் சுவரில் ஒரு கெட்டி அட்டையைத் தொங்க விட்டார்கள். அதில் பூசணிக்காய் அளவுக்கு ஒரு முட்டை, குறுக்கே வெட்டிய மாதிரி. பி.டி.ஓ. கையில் பிரம்போடு விளக்கினார்.

"இது மஞ்சள் கரு. இது வெள்ளைக் கரு. இதில் புரதம் இருக்கிறது. புரதம் இல்லாததால்தான் உங்களுக்கு அறிவு மந்தம், உங்கள் குழந்தைகளுக்கு ஆயுள் குறைவு. இதை நீங்கள் உணர வேண்டும்."

பழனியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். ஒன்பது நாள் இருந்துவிட்டுப் போன பிள்ளை அவள் நினைவுக்கு வந்திருக்கும். ஒச்சப்பனுக்கும் வந்தது. இந்த ஆளைப் பிரம்போடு சேர்த்துக் கிணற்றில் தள்ளினால் என்ன என்றும் வந்தது. ஆனால் அவன் கமிட்டித் தலைவர், கைதட்ட வேண்டிய இடம், தட்டினான்.

"படத்த வேணா அவிச்சுக் குடுங்கய்யா, பசிக்குது" என்றாள் அல்போன்சா. கேள்வி நேரம் முடிந்துவிட்டது என்று பி.டி.ஓ. பதில் சொன்னார்.

ஆவணி பிறந்ததும் சென்னையிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. வெறும் போஷாக்கு ஆபத்தானது, தேகப்பயிற்சி இல்லாமல் ஊட்டம் மட்டும் ஏறினால் மக்கள் கொழுத்துவிடுவார்கள், ஆகவே பயனாளிகள் அனைவரும் தினமும் காலை ஆறு மணிக்கு மந்தையில் டிரில் செய்ய வேண்டும் என்று. ஊரில் எலும்பின் மேல் தோல் போர்த்திக்கொண்டு நடந்தவர்கள் எல்லாம் தங்களைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள்.

காலை ஆறு மணி என்பது கமலை இறைக்கிற நேரம். வெயில் ஏறுவதற்குள் மாட்டைப் பின்னுக்கும் முன்னுக்கும் நூறு தடவை நடத்தினால்தான் கத்தரிக்குத் தண்ணீர் பாயும். பெண்கள் அந்நேரம் பொதுக் கிணற்றில் தண்ணீர் சேந்தி, ஆளுக்கு ஆறு குடம் சுமப்பார்கள். பிறகு களையெடுப்பு. ஒச்சப்பன் தலைவர் என்ற முறையில் இதை பி.டி.ஓ.விடம் பணிவாக எடுத்துச் சொன்னான்.

பி.டி.ஓ. அவனை இரக்கத்தோடு பார்த்தார்.

"ஒச்சப்பா, அதெல்லாம் வேலை. வேலை வேறு, தேகப்பயிற்சி வேறு. கமலை இறைத்தால் தண்ணீர் வந்துவிடுகிறது. குடம் சுமந்தால் வீட்டில் சோறு பொங்கிவிடுகிறது. அதில் உனக்குச் சுயநலம் இருக்கிறது. எந்தப் பலனும் இல்லாமல் கையைத் தூக்கி இறக்குவதுதான் தேகப்பயிற்சி. நாங்கள் ஆபீசில் பலன் இல்லாமல் எவ்வளவோ செய்கிறோம், எங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்."

மந்தையில் டிரில் தொடங்கிற்று. பள்ளிக்கூடத்து வாத்தியார் ராயப்பராஜ் விசிலோடு நின்றார். அவருக்கே ஈளை இழுப்பு, இரண்டு தடவை ஊதினால் மூன்றாவது தடவைக்கு உட்கார வேண்டும். பயனாளிகளாகப் பதிந்த நாற்பது பெண்கள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கையை மேலே தூக்கினார்கள், இறக்கினார்கள், இருந்த இடத்திலேயே நடந்தார்கள். எங்கும் போய்ச் சேராமல் நடப்பது அவர்களுக்குப் பழக்கமில்லாததால் அடிக்கடி சிலர் முன்னால் போய்விட்டார்கள்.

கர்ப்பிணிகளுக்கு டிரில்லிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் விலக்கு வேண்டுமென்றால் கர்ப்பம் என்பதற்கு டாக்டர் சர்டிபிகேட்டு வேண்டும். பழனியம்மாளுக்கு அப்போது ஆறு மாதம். பக்கத்து ஊரிலிருந்து பார்த்தாலே தெரியும்.

"கண்ணால் பார்ப்பது சர்க்காருக்குச் சான்று ஆகாது" என்றார் பி.டி.ஓ.

ஒச்சப்பன் திண்டுக்கல்லுக்கு நடையாய் நடந்து சர்டிபிகேட்டு வாங்கி வந்தான். கொடுத்தான். அதைப் படித்துவிட்டு பி.டி.ஓ. இன்னொரு விதியைக் காட்டினார். டிரில்லுக்கு வராதவர்கள் திட்டத்தின் முழுப் பயனாளிகள் ஆகமாட்டார்கள், ஆகவே எதிர்காலத்தில் முட்டை வழங்கப்படும்போது அவர்களுக்குப் பாதி முட்டைதான். இதுவரை வராத முட்டையில் பாதியை இழக்க மனசில்லாமல் ஒச்சப்பன் பெண்டாட்டியை டிரில்லுக்கு அனுப்பினான். அதை நினைத்துப் பின்னால் அவன் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ள நினைத்தான்.

ஐந்தாம் நாள் பழனியம்மாள் கையை மேலே தூக்கியவள், இறக்கவில்லை. அப்படியே மடங்கி மண்ணில் விழுந்தாள்.

அல்போன்சாதான் தூக்கி மடியில் கிடத்தி முகத்தில் தண்ணீர் அடித்தாள். உதடு வெளுத்து, நகம் வெளுத்து, சுண்ணாம்புச் சுவர் மாதிரி கிடந்தாள். கண் திறக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அந்த நேரத்துக்குள் ஒச்சப்பன் கும்பிடாத சாமி இல்லை.

"அண்ணே, வவுத்துல இருக்கறது அசையுது, பயப்படாதீக" என்றாள் அல்போன்சா. "ஆனா இப்பிடியே விட்டீகன்னா ரெண்டு உசுரும் நெலைக்காது. ஒரு முட்டைக்கு வழி பண்ணுங்க. ஊரு முழுக்கத் தேடியாச்சு, ஒரு நாட்டுக்கோழிக் குஞ்சு கெடையாது, சந்தைக்கும் இன்னும் நாலு நாளு கெடக்கு."

ஒச்சப்பன் கூடையை எடுத்துக்கொண்டு பிளாக் ஆபீசுக்குப் போனான். அன்றைக்குக் கூடையில் முப்பத்திரண்டு முட்டைகள் இருந்தன. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே போனான். ஒன்றை எடுத்துத் துண்டில் முடிந்துகொண்டிருக்கலாம். எண்ணிக்கை அனுப்பிய கஸ்பாரின் வேலை போய்விடும் என்று எடுக்கவில்லை. யோக்கியனாக இருப்பதில் இருக்கிற முட்டாள்தனம் அவனிடம் நிறைய இருந்தது.

"அய்யா, ஒரே ஒரு முட்டை குடுங்க. எம் பொஞ்சாதி விழுந்துட்டா. ரெண்டு பிள்ளைய மண்ணுல வச்சுட்டேன், இதையும் வைக்க எனக்குத் தெம்பு இல்ல" என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

பி.டி.ஓ. வாயைத் துடைத்துக்கொண்டார். அவர் கல் மனசுக்காரர் அல்ல. கண்கூடக் கலங்கிற்று, அதில் பச்சை மிளகாய்க்கும் பங்கு உண்டு.

"உன் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீ திட்டத்தையே தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறாய். முட்டை கொடுப்பதற்கா இத்தனை பேர் உழைக்கிறோம்? முட்டை கொடுப்பது யாராலும் முடியும், ஒரு கோழியால்கூட முடியும். முட்டையின் அருமையை உனக்கு உணர்த்துவதுதான் திட்டம். இன்றைக்கு நீ முட்டைக்காக அழுகிறாய். மூன்று மாதத்துக்கு முன்னால் அழுதாயா? இதுதான் எங்கள் வெற்றி. இதை அறிக்கையில் எழுதப் போகிறேன்."

ஒச்சப்பன் வெறுங்கூடையோடு திரும்பினான். அன்று முழுவதும் அவன் கொல்லையில் கோழிகள் முட்டையிட்டுவிட்டு ஒன்று மாற்றி ஒன்று கொக்கரித்தன. ஒவ்வொரு கொக்கரிப்புக்கும் உள்ளே பாயில் கிடந்த பழனியம்மாள் கண்ணைத் திறந்து கதவுப் பக்கம் பார்த்தாள். அவன் காதைப் பொத்திக்கொண்டான்.

ஐப்பசியில் விழா வந்தது. சென்னை டைரக்டரே வருகிறார் என்றார்கள். மந்தையில் பந்தல், வாழைமரம், மேடை, ஒலிபெருக்கி. வழக்கமாகத் தேறிப்போகும் முட்டைகளோடு அந்த வாரம் தேறாத முட்டைகளையும்கூட யாரும் திருப்பி அனுப்பவில்லை. பயணியர் விடுதியில் டைரக்டர் குழுவுக்குப் போஷாக்கு விருந்து. விருந்து முடிந்து பார்த்தால், நாற்பது பயனாளிகளுக்கு மேடையில் வழங்க மிஞ்சியது ஒரே ஒரு முட்டை.

பி.டி.ஓ. பதறவில்லை. பதறுகிறவர்கள் அந்தப் பதவிக்கு வருவதில்லை. ஒரு முட்டை போதும் என்று கணக்காகச் சொன்னார். பயனாளி வலப்பக்கம் ஏற வேண்டும். டைரக்டர் தட்டிலிருந்து முட்டையை எடுத்து அவள் கையில் கொடுப்பார். போட்டோக்காரர் படம் எடுப்பார். பயனாளி இடப்பக்கம் இறங்கும்போது சின்னக்கண்ணுவிடம் முட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவன் மேடைக்குப் பின்னால் சுற்றி வந்து தட்டில் வைப்பான். நாற்பது படங்கள் வந்துவிடும், ஒரு முட்டையும் மிச்சம்.

டைரக்டர் உயரமான ஆள். ஈச்சம்பள்ளத்தை ஈச்சங்குளம் என்று சொல்லிப் பேச்சைத் தொடங்கினார்.

"இந்தக் கிராமத்துத் தாய்மார்களின் முகங்களில் தவழும் செழுமையைக் காணும்போது என் உள்ளம் பூரிக்கிறது. நாள்தோறும் ஒரு முட்டை! நானே என் வீட்டில் டாக்டர் சொல்லி அரை முட்டைதான் சாப்பிடுகிறேன். நீங்கள் என்னைவிடக் கொடுத்து வைத்தவர்கள். உங்களுக்கு இதைச் செய்ததற்காக எனக்கே நான் நன்றி சொல்லிக்கொள்கிறேன்."

கைதட்டல். தலைவர் ஒச்சப்பன் மேடை ஓரத்தில் மாலையோடு நின்றான். முட்டை வழங்கல் தொடங்கிற்று. எட்டுப் பெண்கள் ஏறி, வாங்கி, படத்துக்கு நின்று, கொடுத்து, இறங்கினார்கள். எட்டுத் தடவை சின்னக்கண்ணு மேடையைச் சுற்றினான். மொத்த விழாவிலும் தேகப்பயிற்சி செய்தவன் அவன்தான்.

ஒன்பதாவதாகப் பழனியம்மாள் ஏறினாள். எட்டு மாத வயிறு. படியில் மூச்சு வாங்க நின்று, பிறகு ஏறினாள். டைரக்டர் முட்டையை அவள் உள்ளங்கையில் வைத்தார். பல்பு பளிச்சென்றது. சின்னக்கண்ணு கீழே கையை நீட்டினான்.

பழனியம்மாள் இறங்கவில்லை. கையிலிருந்த முட்டையைப் பார்த்தாள். மூன்று மாதமாகத் தன் கொல்லையில் கொக்கரித்ததை இன்றைக்குத்தான் தொடுகிறாள். திரும்பி, மைக்குக் கம்பியில் ஒரு தட்டுத் தட்டினாள். 'டொக்' என்ற சத்தம் ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கக் கேட்டது. தலையை அண்ணாந்து, ஓட்டைப் பிளந்து, ஒரே மடக்கில் குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

முதலில் குரல் வந்தது பி.டி.ஓ.வுக்குத்தான்.

"சாப்பிட யார் உனக்கு அனுமதி கொடுத்தது?" என்று மைக்கிலேயே கத்திவிட்டார்.

"பசி" என்றாள் பழனியம்மாள்.

வரிசையில் இன்னும் முப்பத்தொரு பெண்கள் நின்றார்கள். வரிசையின் பத்தாவது ஆள் அல்போன்சா. "எனக்கு எங்கய்யா?" என்று கையை நீட்டினாள். பி.டி.ஓ. கொட்டகைச் சாவியைச் சின்னக்கண்ணுவிடம் எறிந்து, "ஓடு, ஒரு முட்டை கொண்டு வா, எங்கிருந்தாவது கொண்டு வா!" என்றார். சின்னக்கண்ணு ஓடினான். அவன் பின்னால் அல்போன்சா நடந்தாள். அவள் பின்னால் வரிசையும் நடந்தது. ஏற்கனவே இறங்கிய எட்டுப் பேரும் சேர்ந்துகொண்டார்கள்.

அந்நேரத்துக்குக் கொட்டகையில் முட்டை இல்லை, கோழிகள்தான் இருந்தன. அல்போன்சா உள்ளே குனிந்து ஒரு கோழியைப் பிடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு, "ஆளுக்கு ஒன்னு, சண்ட போடாம எடுங்க" என்றாள். எடுத்தார்கள். சின்னக்கண்ணு தடுக்கப் பார்த்தான், அவன் கையிலும் ஒன்றைக் கொடுத்துவிட்டார்கள்.

மேடையிலிருந்து பார்த்த டைரக்டருக்கு ஒரு காட்சி தெரிந்தது. வெள்ளைக் கோழிகளை இடுப்பில் ஏந்திய பெண்கள் வரிசையாக மந்தையைக் கடந்து அவரவர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வெயிலில் அத்தனையும் வெள்ளை வெளேரென்றிருந்தது. டைரக்டருக்கு வாயெல்லாம் பல்.

"பிரமாதம்! இது நிகழ்ச்சி நிரலில் இல்லையே, இது என்ன ஐட்டம்?"

பி.டி.ஓ.வின் முகத்தில் ரத்தம் இல்லை. நர்சம்மா பார்த்திருந்தால் அவருக்கும் தினம் ஒரு முட்டை எழுதியிருப்பார். ஆனால் இருபது வருஷ சர்வீஸ் வீண் போகாது.

"மக்கள் பங்கேற்பு, சார்" என்றார்.

டைரக்டர் எழுந்து நின்று கைதட்டினார். அவர் தட்டியதால் தாசில்தார் தட்டினார், ஓவர்சியர் தட்டினார், பி.டி.ஓ.வும் தட்டினார். வீட்டுக்கு ஒரு கோழி என்ற இந்தத் திட்டம் பல வருஷங்களாகத் தன் மனதில் இருந்தது என்றும், இதை ராஜ்யம் முழுவதும் அமல்படுத்த உத்தரவிடப் போவதாகவும் டைரக்டர் மைக்கில் அறிவித்தார். பிறகு கார் ஏறிப் போய்விட்டார்.

கார் தூசி அடங்கியதும் பி.டி.ஓ. நேராக ஒச்சப்பன் வீட்டு வாசலுக்கு வந்தார். அல்போன்சா கொண்டு வந்து விட்ட வெள்ளைக் கோழி ஒன்று உள்ளே பழனியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

"ஒச்சப்பா, விழா முடிந்தது. பொழுது சாய்வதற்குள் ஐம்பது கோழியும் கொட்டகையில் இருந்தாக வேண்டும். நீ தலைவர்."

ஒச்சப்பன் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் அதிகாரியின் எதிரில் அவன் கை கும்பிடவில்லை.

"எப்பிடிங்கய்யா திருப்பிக் கேக்குறது? நீங்கதான மேடையில நின்னு கை தட்டுனீக? ஊரே பாத்துச்சே."

பி.டி.ஓ. வாயைத் திறந்தார். ஒச்சப்பன் கதவைச் சாத்திவிட்டான்.

மறுநாள் காலையில் கோழி கொக்கரித்தது. பழனியம்மாள் கையை ஊன்றி எழுந்து போய் முட்டையை எடுத்து உடைத்துக் குடித்தாள். யாரும் சொற்பொழிவு ஆற்றவில்லை.